கற்றாழை என்று மட்டும் அச்சிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு பதிப்பின் மருத்துவக் குறிப்புப் பகுதியில், கற்றாழை மடலைக் கீறிச் சாறெடுத்து மூட்டுவலிக்குப் பூசலாம், வெறும் வயிற்றில் குடித்து வந்தால் இனிப்பு நீர் (நீரிழிவு) கட்டுப்படும் என்று நான்கு வரி வந்திருந்தது. எந்தக் கற்றாழை என்று எழுதவில்லை. பக்கத்தில் போட்டிருந்த படமோ, நுனியில் கறுத்த முள்ளோடு விரிந்து நிற்கும் ஆனைக்கற்றாழை. குறிப்பு சோற்றுக்கற்றாழைக்கு, படம் வேறொரு செடிக்கு. படத்தைப் பார்த்துச் செடியைத் தேடிப் போகிறவர் கையில் கிடைப்பது மருந்தல்ல, தோலைப் புண்ணாக்கும் சாறு. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறோம்.

குழப்பத்தின் வேர் தமிழ்ப் பெயரில் இருக்கிறது. சோற்றுக்கற்றாழையும் நமக்குக் கற்றாழைதான்; தமிழ்நாட்டில் வேலியோரமும் ரயில் பாதையோரமும் வளரும் ஆனைக்கற்றாழையும் கற்றாழைதான்; கயிறு திரிக்கும் நார்க்கற்றாழையும் அதே பெயரில்தான் போகிறது. சில வீடுகளில் தொட்டியில் நிற்கும் மருளைக்கூட அப்படித்தான் அழைக்கிறார்கள். மலாய்க்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. லிடா புவாயா என்றால் சோற்றுக்கற்றாழை, லிடா ஜின் என்றால் மருள். சந்தையில் மூலிகை வாங்கும்போது மலாய்ப் பெயரையும் சேர்த்துக் கேட்பது நல்லது.

நம் வைத்திய நூல்களில் குமரி என்று வருவது சோற்றுக்கற்றாழை. அதன் தாயகம் அரேபியத் தீபகற்பம். ஆனைக்கற்றாழையின் இனமோ முழுக்க முழுக்க அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. மெக்சிகோவும் அதை ஒட்டிய நிலப்பகுதிகளும் அதன் வீடு. 1492-இல் கொலம்பஸ் அமெரிக்கப் பகுதிக்குப் போய்ச் சேரும்வரை ஆசியாவில் யாரும் அதைக் கண்ணால் கண்டிருக்க முடியாது. அந்த இனத்துக்கு அகேவ் என்ற தாவரவியல் பெயரை லின்னேயஸ் வைத்தது 1753-இல். ஆகவே, ‘சித்தர்கள் சொன்ன கற்றாழை’ என்று யாராவது ஆனைக்கற்றாழையைக் காட்டினால், அது நடந்திருக்கவே முடியாத கதை. தாவரக் குடும்பத்தாலும் இரண்டும் வேறு வேறு. பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதற்குக் காரணம், வறண்ட நிலத்தில் நீரைச் சேமிக்க இரண்டும் தடித்த மடலை வளர்த்துக்கொண்டதுதான்.

இங்கே மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் ரப்பர் பால்மரமும் செம்பனையும் வீடமைப்புக்கு வழிவிட்ட இடங்களில், வாசலுக்கு அழகு என்று அகேவ் வகைகளை வைக்கிறார்கள். வெள்ளை விளிம்போடு வாள்போல் விறைத்து நிற்பது ஒன்று. ஓரத்தில் மஞ்சள் பட்டை ஓடும் பெரியது இன்னொன்று. முள்ளே இல்லாமல் சாம்பல் பச்சையில் மெத்தென்று விரியும் வகையும் உண்டு. ஏமாற்றுவதில் இதுதான் முதல். முள் இல்லாததால் சோற்றுக்கற்றாழை என்று நினைத்து ஒடிப்பார்கள். அதன் சாறும் எரிக்கும்.

அடையாளம் காண்பது கடினமல்ல. நுனியைப் பாருங்கள். ஆனைக்கற்றாழை மடலின் நுனியில் மரக்கட்டைபோல் இறுகிய கருமுள் இருக்கும், சில சமயம் 3 சென்டிமீட்டருக்கும் மேல். சோற்றுக்கற்றாழையின் நுனி மென்மையாகக் கூம்பி முடியும், விளிம்பில் சிறு பற்கள் மட்டும். ஆனைக்கற்றாழை மடலின் மேற்பரப்பில், குருத்தாகச் சுருண்டிருந்தபோது பக்கத்து மடலின் பற்கள் அழுத்திய தடம் அச்சுக் குத்தியதுபோல் பதிந்திருக்கும். சோற்றுக்கற்றாழையில் அந்தத் தடம் இராது. பூவைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம். சோற்றுக்கற்றாழை முழங்கால், இடுப்பு உயரத்துக்கு ஒரு தண்டு விட்டு, குழல் வடிவப் பூக்களைப் பூக்கும். பூத்த பிறகும் செடி இருக்கும். ஆனைக்கற்றாழை பத்து முதல் முப்பது ஆண்டுகள் காத்திருந்து, வீட்டுக் கூரையைத் தாண்டும் கம்பம்போல் ஒரே ஒரு முறை பூத்துவிட்டு, தாய்ச்செடி பட்டுப்போகும்.

எல்லாவற்றிலும் உறுதியான சோதனை, மடலைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பது. கையுறை போட்டுக்கொண்டு வெட்டுங்கள். சோற்றுக்கற்றாழையில் தோலுக்கு அடியிலிருந்து மஞ்சள் பால் கசியும், நடுவில் கண்ணாடிபோல் சோறு தெரியும், இரண்டாக ஒடித்தால் சுத்தமாகப் பிரியும். ஆனைக்கற்றாழையில் மஞ்சள் பால் இராது, அள்ளக்கூடிய சோறும் இராது. ஒடித்து இழுத்தால் இரு துண்டுக்கும் நடுவே வெள்ளை நார்கள் அறுபடாமல் நிற்கும். நார் நின்றால் அந்த மடலைக் கீழே போட்டுவிட்டுக் கையைக் கழுவுங்கள். நாக்கில் வைத்துச் சோதிக்கும் பழக்கம் மட்டும் கூடவே கூடாது.

இந்தச் சாறு ஏன் எரிக்கிறது? சேப்பங்கிழங்கைத் தோல் சீவும்போது கை அரிப்பதும், சரியாக வேகாத கருணைக்கிழங்கு நாக்கைப் பிடுங்குவதும் எதனாலோ, அதே பொருளால்தான். கால்சியம் ஆக்சலேட் என்னும் உப்பு, செடியின் உயிரணுக்களுக்குள் இரு முனையும் கூரான ஊசிகளாகக் கட்டுக்கட்டாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. மடல் நசுங்கியதும் ஊசிகள் சாறோடு வெளியே வந்து தோலில் குத்துகின்றன. குத்திய துளை வழியே சப்போனின் என்ற சவர்க்காரத் தன்மையுள்ள பொருள் உள்ளே இறங்குகிறது. மெக்சிகோவில் டெக்கீலா சாராயம் காய்ச்ச அகேவ் பயிரிடுகிறார்கள். அங்குள்ள தொழிலாளர்களைப் பற்றி 2001-இல் வெளிவந்த ஆய்வு, ஒரு துளிச் சாற்றில் நூறு முதல் நூற்றைம்பது ஊசிகள் இருப்பதாகக் கணக்கிட்டது. ஆலையில் அகேவ் தண்டைக் கையாளுகிறவர்களில் ஆறில் ஐந்து பேருக்கும், வயலில் வேலை செய்கிறவர்களில் மூன்றில் ஒருவருக்கும் தோல் எரிச்சல் இருந்தது. தினமும் தொட்டுப் பழகியவர்களின் நிலையே இது என்றால், மூட்டில் அழுத்தித் தேய்த்துக்கொள்கிறவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஒரு தவறான தைரியத்தையும் சொல்லியாக வேண்டும். சோற்றுக்கற்றாழையின் சோற்றை ஏழு முறை நீரில் அலசிவிட்டு உண்ண வேண்டும் என்பது நம் வழக்கம். அது சரியான வழக்கம். மேலே ஒட்டியிருக்கும் மஞ்சள் பால் கரைந்து போகிறது. அதே நினைப்பில் ஆனைக்கற்றாழையையும் ஏழு முறை கழுவினால் போதும் என்கிறார்கள். போதாது. ஊசிகள் மேலே ஒட்டியிருக்கவில்லை, சதைக்குள் இருக்கின்றன. எத்தனை முறை அலசினாலும் அடுத்த நசுக்கலில் புதிதாக வெளிவரும். கருணைக்கிழங்கைப் புளியில் வேகவைக்கும் பக்குவத்தை நம்பி இதைப் புளியில் போட்டுக் கொதிக்க வைப்பதும் வேண்டாம்.

சாறு பட்டால் சில நிமிடங்களிலேயே ஊசி குத்துவதுபோல் எரியும். பிறகு சிவந்து தடித்து, சிறு கொப்புளங்கள் எழும். சிலருக்கு ஓரிரு நாளில் ஊதா நிறப் புள்ளிகள் தோன்றும். தோலுக்கு அடியில் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் அழற்சியுற்றுக் கசிவதன் அடையாளம் அது. காய்ச்சலும் வரலாம். பெரும்பாலும் ஒன்று, இரண்டு வாரத்தில் ஆறிவிடும்.

பட்டவுடன் செய்யும் காரியம்தான் பாதி வைத்தியம். தேய்க்காதீர்கள், துணியால் அழுத்தித் துடைக்காதீர்கள். இரண்டுமே ஊசியை ஆழமாக இறக்கும். சாறு பட்ட சட்டையைக் கழற்றிவிட்டு, குழாய் நீரை மேலிருந்து கீழாக ஓடவிட்டுக் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். பிறகு மென்மையான சவர்க்காரம் போட்டு இன்னொரு முறை. எலுமிச்சைச் சாறு, சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், பற்பசை எதுவும் வேண்டாம். குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் வைத்து எடுக்கலாம், காலமைன் தடவலாம். மருந்தகத்தில் கேட்டு 1 விழுக்காடு ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பை மெல்லியதாக, நாளுக்கு இருமுறை, ஒரு வாரத்துக்கு மேற்படாமல் போடலாம். முகத்திலும் உடைந்த கொப்புளத்திலும் அதைப் போடக்கூடாது. அரிப்புக்கு லோராட்டடின் அல்லது செட்டிரிசின் உதவும். ஊதாப் புள்ளி, காய்ச்சல், உள்ளங்கையை விடப் பெரிய கொப்புளப் பரப்பு, முகத்தில் வீக்கம் ஆகிய எது கண்டாலும் கிளினிக்குக்குப் போய்விடுங்கள். போகும்போது செடியின் படத்தைக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு போங்கள். இந்தச் செடியைப் பற்றிச் சொல்லாவிட்டால் மருத்துவர் தீப்புண் என்றோ அக்கி என்றோ நினைக்க இடமுண்டு.

கண்ணில் தெறித்தால் காத்திருக்கவே கூடாது. இமையை விரித்துப் பிடித்து 15 நிமிடம் நீரால் கழுவிவிட்டு, வலி குறைந்ததுபோல் இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சாற்றை விழுங்கியவர் முதலில் வாயில் மிச்சமிருப்பதைத் துப்ப வேண்டும். உதட்டையும் நாக்கையும் ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். குளிர்ந்த நீரையோ பாலையோ சிறு சிறு மிடறாகக் கொடுக்கலாம். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள், தொண்டை இரண்டாம் முறை குத்துப்படும். நாக்கு வீங்குவது, எச்சில் விழுங்க முடியாமல் வடிவது, குரல் கரகரத்துப் போவது, மூச்சு வாங்குவது ஆகிய எது தெரிந்தாலும் உடனே 999 அவசர எண்ணை அழையுங்கள். அவ்வளவு தீவிரம் இல்லாவிட்டாலும், பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தை வேலை நேரத்தில் 1-800-88-8099 எண்ணில் அழைத்து ஆலோசனை கேட்கலாம். இந்த எண்ணைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைக்க வேண்டும்.

முள் குத்துவது தனிச் சிக்கல். நுனி முள் ஆழமாகப் போய் உள்ளேயே முறியும். மேலே புண் ஆறிவிட்டதுபோல் தெரிந்து, சில வாரம் கழித்து விரல் மூட்டு வீங்கும். முறிந்த முள் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, அல்ட்ராசவுண்டில் தெரியும். இதை மருத்துவரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து ஆண்டு கடந்திருந்தால், மண் பட்ட ஆழக் குத்துக்கு மறுபடியும் போடச் சொல்லுவார்கள். இனிப்பு நீர் உள்ளவர்களின் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருந்தால் முள் இருப்பதே தெரியாது. அந்த வீட்டு வாசலில் இந்தச் செடி இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

செடியை அகற்றுவோர் கவனிக்க: புல்வெட்டும் இயந்திரத்தாலோ மர அறுப்பு இயந்திரத்தாலோ வெட்டவே கூடாது. சுழலும் கத்தி சாற்றைப் பொடித்துளிகளாக முகத்திலும் கழுத்திலும் வீசும். நீளக்கை சட்டை, கண்ணாடி, மெல்லிய ரப்பர் கையுறைக்கு மேல் தடித்த தோல் கையுறை என்று அணிந்துகொள்ளுங்கள். முதலில் கத்தரியால் எல்லா நுனி முள்ளையும் நறுக்குங்கள். பிறகு கீழ் மடலிலிருந்து ஒவ்வொன்றாகப் பாராங் கத்தியால் வெட்டி எடுத்து, கடைசியில் கிழங்கைத் தோண்டுங்கள். பக்கக் கன்றுகளை விட்டுவிட்டால் ஆறு மாதத்தில் மறுபடியும் நிற்கும். போட்டிருந்த துணியைத் தனியாகத் துவையுங்கள், பாராங்கையும் கழுவி வையுங்கள். பிள்ளைகள் மடலில் முள்ளால் பெயர் கீறி விளையாடுவது நம் ஊர்ப் பழக்கம். கீறலில் வருவதும் இதே சாறுதான்.

அப்படியானால் இந்தச் செடிக்கு மருத்துவப் பயனே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் மடலைக் கீறிப் பூசும் வழியில் இல்லை. மெக்சிகோவின் அஸ்டெக் மக்கள் அகேவ் சாற்றைக் காய்ச்சி, உப்புச் சேர்த்துக் காயத்தில் இட்டார்கள் என்பது 16-ஆம் நூற்றாண்டு ஸ்பானியப் பதிவுகளில் இருக்கிறது. செறிந்த இனிப்பும் உப்பும் கிருமியிலிருந்து நீரை உறிஞ்சுவதால் அதில் பொருள் உண்டு. அவர்கள் இட்டது காய்ச்சிய சாறு. பச்சை மடலை நசுக்கிய சாறு அல்ல. இன்று சுத்தமான உப்பு நீரும் கட்டுத்துணியும் எல்லாக் கிளினிக்கிலும் கிடைக்கும்போது அந்த முறைக்குப் போகத் தேவையில்லை. நார்க்கற்றாழையில் நார் எடுத்த பிறகு மிஞ்சும் கழிவிலிருந்து ஹெக்கோஜெனின் என்ற பொருளைப் பிரித்து, ஸ்டீராய்டு மருந்து செய்ய மூலப்பொருளாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதற்குத் தொழிற்சாலையும் பல படி வேதியியல் மாற்றமும் வேண்டும். ‘ஸ்டீராய்டு இருக்கிறது, அதனால் மூட்டுவலிக்கு நல்லது’ என்று பரப்புகிறவர்கள் இந்தப் படிகளை விழுங்கிவிடுகிறார்கள். மடலைத் தேய்த்தால் தோலுக்குள் போவது ஊசியும் சப்போனினும்தான், மருந்து அல்ல.

இனிப்பு நீர் பற்றிய வரிக்கு வருவோம். கடைகளில் இப்போது அகேவ் பாகு, நெக்தார் என்று குப்பிகளில் வருகிறது. அகேவின் நடுக்கிழங்கில் இருக்கும் மாவுப்பொருள் போன்ற நார்ச்சத்தைச் சூட்டாலோ நொதியாலோ உடைத்துச் சர்க்கரையாக்கியதுதான் அந்தப் பாகு. பச்சைக் கிழங்கிலுள்ள நார்ச்சத்துக்குச் சொல்லப்படும் நன்மை பாகுக்குப் பொருந்தாது, அது உடைந்து போய்விட்டது. பாகில் இருக்கும் சர்க்கரையில் பெரும்பகுதி, ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு, ஃபிரக்டோஸ். வெள்ளைச் சீனியில் அது பாதி. ஃபிரக்டோஸ் ரத்தச் சர்க்கரையை உடனே ஏற்றாது என்பதால் குளுக்கோமீட்டரில் எண் குறைவாகத் தெரியும்; அதைக் கண்டு மகிழ்ந்துவிடுகிறார்கள். அது நேராக ஈரலுக்குப் போய், அளவு மிஞ்சினால் கொழுப்பாக மாறுகிறது, டிரைகிளிசரைடு ஏறும். ஒரு தேக்கரண்டி பாகில் சுமார் 20 கலோரி, ஒரு தேக்கரண்டிச் சீனியில் சுமார் 16. சீனியைவிடக் கூடுதலாக இனிக்கும், ஆகவே குறைவாக ஊற்றினால் கொஞ்சம் மிச்சம். ‘இயற்கை’ என்று நினைத்துத் தாராளமாக ஊற்றினால் நட்டம். 2019 தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடம்தான் அதிகம். நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியது பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் தேநீரைப் பழகுங்கள் என்பதைத்தான். சீனிக்குப் பதில் இன்னொரு சீனியை அல்ல.

சோற்றுக்கற்றாழைக்கும் எல்லை உண்டு. அதன் மஞ்சள் பாலில் அலோயின் இருக்கிறது. அந்தப் பாலைக் காய்ச்சி இறுக்கியதுதான் நாட்டு மருந்துக் கடைக் கரியபோளம். கடுமையான பேதி மருந்து அது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2002-இல் அதைக் கடையில் நேராக விற்கும் பேதி மருந்துகளிலிருந்து நீக்கியது. நிறமகற்றாத முழு மடல் சாற்றை உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று ஐயப்படும் 2பி பிரிவில் வைத்திருக்கிறது. தோலோடு அரைத்துக் குடிப்பதுதான் முழு மடல் சாறு. அதனால் மடலை வெட்டியதும் அடிப்பக்கம் கீழாக அரைமணி நேரம் நிறுத்தி மஞ்சள் பாலை வடியவிட்டு, இரு ஓரத்தையும் சீவி, தோலை முழுவதும் எடுத்து, சோற்றை மட்டும் அலச வேண்டும். தோலில் பூசுவதானால் முழங்கைக்கு உட்புறம் சிறிது தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுப் பூசுங்கள். குடிக்கும் பழக்கம் இருந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள். கிளிக்ளசைடு போன்ற இனிப்பு நீர் மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை அதிகமாக இறங்கலாம். ஃபுருசமைடு நீர் மாத்திரையோ, இதயத்துக்கு டிகோக்சினோ எடுப்பவருக்கு, பேதியால் பொட்டாசியம் குறைவது ஆபத்து. கர்ப்பிணிகள் இரண்டு கற்றாழையையும் உள்ளுக்கு எடுக்க வேண்டாம்.

குப்பியில் விற்கும் சாறு, தைலம் வாங்குகிறவர்கள் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கும் சுகாதார அமைச்சின் பதிவு எண்ணைப் பார்க்க வேண்டும். பாரம்பரிய மருந்தானால் எண்ணுக்குப் பின்னால் டி (T) எழுத்து இருக்கும். எண் இல்லாத குப்பியை இரவுச் சந்தையில் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் நாங்கள் கேட்பது இதுதான். மூலிகைக் குறிப்பு எதை வெளியிட்டாலும் தமிழ்ப் பெயரோடு மலாய்ப் பெயரையும், தாவரவியல் பெயரைத் தமிழ் எழுத்திலும் போடுங்கள். எந்தப் பாகம், எவ்வளவு, யாருக்குக் கூடாது என்ற மூன்றும் இல்லாத குறிப்பை அனுப்பியவரிடமே திருப்பிக் கேளுங்கள். படத்தைக் குறிப்பு எழுதியவரிடம் காட்டி உறுதி செய்த பிறகு அச்சுக்கு அனுப்புங்கள். வரும் ஞாயிறே அதே பக்கத்தில், அதே அளவில் ஒரு திருத்தம் வர வேண்டும். சோற்றுக்கற்றாழை மடலையும் ஆனைக்கற்றாழை மடலையும் குறுக்கே வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த படத்தோடு அது வரட்டும். படத்தை வண்ணத்திலேயே போடுங்கள். கறுப்பு வெள்ளையில் மஞ்சள் பால் தெரியாது.

இப்படிக்கு,
மருந்தகப் பணியிலும் தோட்டக்கலைப் பணியிலும் இருந்து ஓய்வுபெற்ற வாசகர்கள் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்.